சிலேட்டின் மறுபக்கம்



செப்டம்பர் 5 வந்து கடந்து சென்றது. டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளை 1962 முதல் நம் நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறது. அந்த நாளையொட்டி என் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். இந்த வாரச் சிந்தனையில் அதைச் செய்கிறேன். நன்றி சொல்வதற்காக எழுதுகிறேன். கூடவே ஒரு பிழையைத் திருத்துவதற்காகவும் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரசங்க பீடத்தில் நின்று நான் சொல்லிவந்த ஒரு சாட்சி, பாதி மட்டுமே உண்மை என்பதைக் கடந்த மாதம்தான் அறிந்துகொண்டேன்.

நான் பிறந்த ஊர் செந்நிறத் தேரிக் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. இன்று அது தூத்துக்குடி மாவட்டம். 1986இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு, நாங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரின் காலத்திலிருந்து எங்கள் சீமையில் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. ஊருக்கு ஓர் ஆலயம் எழும்பினால், அதன் அருகே ஒரு பள்ளிக்கூடமும் எழும்பும். எங்கள் சிற்றூரில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டடம் எழுப்ப வசதியில்லை. ஓடு வேய்ந்த ஒரே நீண்ட கட்டடம். திங்கள் முதல் வெள்ளி வரை அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம். கிழக்குக் கோடியில் திருவிருந்து மேசையை மறைத்து ஒரு நீலத் திரை தொங்கும். திரைக்கு இப்புறம் ஐந்து வகுப்புகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் அமர்ந்திருக்கும். ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்ல, அடுத்த வகுப்பு செய்யுள் ஒப்பிக்க, யார் எதைப் படிக்கிறார்கள் என்று வெளியே நிற்பவர்களுக்குப் புரியாது. எங்களுக்குப் புரிந்தது. மூன்றாம் வகுப்பில் இருந்தபோதே ஐந்தாம் வகுப்பின் பாடங்களில் பாதி எனக்கு மனப்பாடம்.

வாசலில் உள்ள வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுவே பள்ளி மணி. அதை அடிக்கும் உரிமை ஐந்தாம் வகுப்பின் முதல் மாணவனுக்கு உரியது. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். எங்கள் கைகள் திங்கட்கிழமை வரை பச்சையும் கருப்புமாக இருக்கும். முதல் வகுப்பில் எங்களுக்குச் சிலேட்டு கிடையாது. தேரியிலிருந்து அள்ளிவந்த செம்மணலைத் தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதவேண்டும். வெயில் ஏறிய மணலில் 'அ' எழுதி எழுதி ஆள்காட்டி விரலின் நுனி சிவந்துபோகும். எழுதியது பிழையானால் உள்ளங்கையால் தடவிவிட்டால் போதும். மணல் அதை மறந்துவிடும்.

எங்கள் தலைமையாசிரியரை ஊரே 'பெரிய சார்வாள்' என்று அழைத்தது. அவர்களே எங்கள் சபை உபதேசியாரும்கூட. 1965 ஜூனில் அப்பா என்னைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, பெரிய சார்வாள் என் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டேன். ஐந்து வயது நிறைந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. பிறந்த தேதி என்ன என்று கேட்டதற்கு, "ஆடிக் காத்துல பொறந்தான், சார்வாள்" என்றார்கள் அப்பா. ஆடியில் பிறந்ததாக எழுதினால் ஐந்து வயது நிறையாது. பெரிய சார்வாள் சற்று யோசித்து, மே மாதத்தில் ஒரு நாளைத் தேர்ந்து பதிவேட்டில் எழுதினார்கள். இன்றுவரை என் பிறந்தநாள் அதுதான். அந்த நாளை அடிப்படையாகக் கொண்டே எனக்கு ஓய்வும் கணக்கிடப்பட்டது. பிள்ளைகள் வாழ்த்துச் சொல்லும் ஒவ்வொரு மே மாதமும், அந்த நாளை எனக்குக் கொடுத்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

மதிய உணவையும் சொல்லவேண்டும். காமராஜர் முதலமைச்சராக இருந்த 1956இல் தொடங்கிய திட்டம் எங்கள் காலத்தில் ஊர்தோறும் பரவியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவு மூட்டைகளில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் படம் அச்சிட்டிருக்கும். அந்தக் கைகள் யாருடையவை என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. ஒரு கை சார்வாளுடையது, மறு கை காமராஜருடையது என்பது எங்கள் வகுப்பின் முடிவு. மஞ்சள் நிற உப்புமாவை வாதமடக்கி இலையில் வாங்கிக்கொண்டு, ஜெபம் முடியும்வரை ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

இனி, டீச்சரைப் பற்றி.

மூன்றாம் வகுப்பு எடுத்தவர்கள் அவர்கள். பிற்பகலில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் அவர்கள்தான். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெயரால் நிற்கும் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர்கள். இந்தியாவை ஒரு முறையேனும் கண்டிராத ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பெயர் அது. அவருடைய நினைவாகத் திரட்டிய காணிக்கையால்தான் நம் சீமைப் பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியைகள் உருவானார்கள். டீச்சர் அதைப் பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்காகவும் ஒருவர் கவலைப்பட முடியும்" என்பார்கள். வெள்ளைச் சேலை, கருப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் எப்போதும் சிலேட்டுக் குச்சிகள் இருக்கும். குச்சி இல்லாமல் வருகிற பிள்ளையை அவர்கள் ஒருபோதும் திட்டியதில்லை. பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் அப்பா பனையேறி. தை பிறந்து சில வாரங்களில் பனை பாளைவிடத் தொடங்கும். அப்போது எங்கள் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு, இரண்டு மைல் தொலைவில் தேரிக்குள் இருந்த விடிலிக்குப் போய்விடும். விடிலி என்பது பனையோலையால் வேய்ந்த குடிசை. பதநீர் காய்ச்சும் இடமும், பனைக்காலம் முடியும்வரை நாங்கள் குடியிருக்கும் இடமும் அதுவே. அப்பா ஒரு நாளைக்கு இருமுறை முப்பதுக்கும் மேற்பட்ட மரங்களில் ஏறி இறங்குவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறங்கிய பதநீரைக் கொப்பரையில் ஊற்றி, நண்பகல் தாண்டும்வரை காய்ச்சவேண்டும். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடவேண்டும். பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்கவேண்டும். இதெல்லாம் பெண்களின் வேலை. சுள்ளியும் பன்னாடையும் காய்ந்த ஓலையும் பொறுக்கிவருவது சிறுபிள்ளைகளின் வேலை. ஆகவே பனைக்காலத்தில் எங்கள் பள்ளியின் வகுப்புகள் பாதி காலியாகிவிடும்.

1968 பிப்ரவரி. அம்மா எங்கள் கடைசித் தம்பியைப் பெற்று மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. நான் மூன்றாம் வகுப்பு. அக்கா ஐந்தாம் வகுப்பு. இருவரையும் அப்பா பள்ளியிலிருந்து நிறுத்தி விடிலிக்கு அழைத்துப் போனார்கள்.

ஒரு நாள் பிற்பகல், சுள்ளிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நான் விடிலிக்குத் திரும்பியபோது, வாசலில் கருப்புக் குடை ஒன்று சாத்தி வைத்திருந்தது. கொதிக்கும் தேரி மணலில் இரண்டு மைல் நடந்து டீச்சர் வந்திருந்தார்கள். அப்பா கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா கொப்பரையருகே குனிந்து கிண்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. என்னைக் கண்டதும் அப்பா, "ஏல, சட்டையப் போட்டுட்டு டீச்சரோட போ. நாளையிலிருந்து பள்ளிக்கொடத்துக்குப் போணும்" என்றார்கள். நான் சுள்ளிக் கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். ஊருக்குப் போகும் வழியெல்லாம் டீச்சர் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. இடையிடையே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிரியமானவர்களே, இந்தக் காட்சியை நான் எத்தனை ஆலயங்களில் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடி மேய்ப்பன் வனாந்தரத்துக்குச் செல்லும் உவமையைப் பிரசங்கிக்கும் ஒவ்வொரு முறையும், இந்தத் தேரிக்காட்டுக்கு வந்துசேர்வேன். "அந்த மேய்ப்பனை நான் கண்டிருக்கிறேன். அவர் கையில் ஒரு கருப்புக் குடை இருந்தது. என்னைத் தேடி அவர் வந்தார், முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னை அழைத்துப்போனார்" என்பேன். சபையார் கண்கலங்குவார்கள். நானும் கலங்குவேன்.

மறுநாள் காலை டீச்சர் எனக்கு இரண்டு சிலேட்டுக் குச்சிகளைக் கொடுத்தார்கள். "ஒன்று உனக்கு, ஒன்று அக்காவுக்கு" என்றார்கள். பள்ளி விடும் நேரத்தில் என் சிலேட்டை வாங்கி, ஒரு பக்கத்தில் நான்கு கணக்குகளை எழுதினார்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குகள், எனக்கு விளங்காதவை. "இதை அழியாமல் கொண்டுபோய் அக்காவிடம் கொடு. அவள் மறுபக்கத்தில் விடை எழுதுவாள். அதை அழியாமல் என்னிடம் கொண்டுவா" என்றார்கள்.

அன்றிலிருந்து அது என் வேலையாயிற்று. சிலேட்டின் மரச்சட்டத்தை மட்டும் விரல் நுனிகளால் பற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் எதிலும் படாமல், தேரி மணலில் காலை இரண்டு மைலும் மாலை இரண்டு மைலும் நடப்பேன். வியர்வைத் துளி விழுந்தாலும் எழுத்து கரைந்துவிடும். இரவில் பாகு இறக்கிய அடுப்பின் கங்கு வெளிச்சத்தில் அக்கா கணக்குப் போடுவாள். சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவளுக்குச் சிலேட்டைத் தொட நேரம் கிடைக்கும். அதற்குள் நான் தூங்கிவிடுவேன். காலையில் எழும்போது மறுபக்கம் நிறைந்திருக்கும். டீச்சர் அதைப் பார்த்து, சரியான விடைகளுக்குப் பக்கத்தில் சிறு கோடு ஒன்று இட்டு, அழித்துவிட்டுப் புதிய கணக்குகளை எழுதுவார்கள். மாலையில் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கோடு?" என்பதாகவே இருக்கும்.

மூன்று வாரங்கள் இப்படி நடந்தது. ஒரு நாள் காலை, வழியில் என் வயதுப் பையன்கள் பனைமட்டையில் அமர்ந்து மணல்மேட்டிலிருந்து சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு முறை என்று நானும் அமர்ந்தேன். ஒரு கையில் சிலேட்டு. பாதியில் மட்டை புரண்டது. மண்ணுக்குள் புதைந்த சிலேட்டை எடுத்துப் பார்த்தேன். உடையவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்ததுபோல் இருந்தது. மணல் அதை மறந்துவிட்டது.

டீச்சரிடம் வெறும் சிலேட்டை நீட்டி, "அக்கா எழுதலை, டீச்சர்" என்றேன்.

அவர்கள் என்னைச் சற்று நேரம் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் அதே நான்கு கணக்குகளை மீண்டும் எழுதிக் கொடுத்தார்கள். அவற்றைக் கண்ட அக்கா, "இதுதானே நேத்தும் தந்தாவ?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் எழுதினாள். ஒரு நாள் இரவு, "இனிமே வேண்டாம்னு டீச்சர்ட்ட சொல்லிரு" என்றாள். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. இனிமேல் சிலேட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கவேண்டியதில்லை.

டீச்சர் விடவில்லை. மேலும் ஒரு வாரம் கணக்குகளை எழுதி அனுப்பினார்கள். மறுபக்கம் வெறுமையாகவே திரும்பிவந்தது. கடைசியாக ஒரு நாள், கணக்கு எதுவும் எழுதாமல், அக்காவின் முழுப்பெயரைப் பெரிய அழகிய எழுத்துகளில் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிரவு அக்கா அந்தச் சிலேட்டை எடுத்து ஓலைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள், திருப்பித் தரவில்லை. சிலேட்டு இல்லாமல் பள்ளிக்குப் போனேன். அடி விழும் என்று அஞ்சினேன். டீச்சர் காரணம் கேட்டு, நான் சொன்னதும், அலமாரியிலிருந்து வேறொரு சிலேட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அக்கா ஐந்தாம் வகுப்புத் தேர்வை எழுதவில்லை.

இதையெல்லாம் நான் பிரசங்கத்தில் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதும் இல்லை. என் சாட்சியில் அக்காவுக்கு இடமில்லாமல் இருந்தது.

1989இல் பாளையங்கோட்டை ஊசிக்கோபுர ஆலயத்தில் எனக்குக் குருத்துவ அபிஷேகம் நடந்தது. ஓய்வுபெற்றிருந்த டீச்சர் பேருந்து ஏறி வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து வெள்ளை அங்கியோடு நான் அவர்கள் அருகே ஓடினேன். என் கையைப் பற்றிக்கொண்டு அவர்கள் முதலில் கேட்டது: "அக்கா வந்திருக்காளா?" பெண்கள் பக்கம் சென்று கூட்டத்துக்குள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். உண்மையைச் சொல்கிறேன்: அன்று எனக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. என் அபிஷேக நாளில் என்னோடு இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசக்கூடாதா என்று நினைத்தேன். சில ஆண்டுகளில் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

கடந்த மாதம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு விழா. பிள்ளைகளின் எண்ணிக்கை இப்போது மிகவும் குறைந்துவிட்டது. வகுப்புகள் முதுகைக் காட்டிக்கொண்டு அமரவேண்டிய நெருக்கடி இல்லை. பழைய மாணவன் என்று என்னைப் பேச அழைத்திருந்தார்கள். வழக்கம்போல் தேரிக்காட்டு மேய்ப்பனைப் பற்றிச் சொன்னேன். அக்கா பின்வரிசையில் அமர்ந்திருந்தாள். மாலையில் அவள் வீட்டுத் திண்ணையில் கருப்பட்டிக் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ அதை நல்லாத்தான் சொல்லுத. ஆனா ஒண்ணு. டீச்சர் அன்னைக்கு ஒன்னைத் தேடி வரலை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்னையத் தேடித்தான் வந்தாவ. நான் அஞ்சாங் கிளாஸ் பரிச்சை எழுதிட்டா, போர்டிங்ல சேத்து விடுதேன்னு சொல்லத்தான் வந்தாவ. பீசுக்குக்கூட யார்ட்டயோ பேசி வச்சிருந்தாவ. அப்பாதான், 'இவ போயிட்டா கொப்பரைய யாரு பாக்க, டீச்சரம்மா? வீட்டுல பச்ச உடம்புக்காரி. வேணும்னா பயலக் கூட்டிட்டுப் போங்க'ன்னாவ. டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாவ. அப்பத்தான் நீ சுள்ளியோட வந்த."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அந்த நடையை நினைத்துப் பார்த்தேன். குடையின் நிழலில் ஒன்றும் பேசாமல் டீச்சர் நடந்ததையும், முகத்தை முகத்தை அவர்கள் துடைத்துக்கொண்டதையும் நினைத்தேன். அது வியர்வை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன். அவர்கள் தேடிவந்த பிள்ளையை விட்டுவிட்டு, கிடைத்த பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் கொடுத்த இரண்டாவது குச்சியின் பொருளும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் தேடலை நிறுத்தவே இல்லை. அழைத்துவர முடியாத பிள்ளையிடம் பாடத்தை அனுப்பினார்கள். நான் தபால்காரன், அதுவும், கொடுத்த கடிதத்தை ஒரு நாள் மண்ணில் போட்டுவிட்ட தபால்காரன்.

அதை அவளிடம் சொல்லாமல் எழுந்துபோக என்னால் முடியவில்லை. எத்தனையோ பேருடைய அறிக்கையைக் கேட்டவன் நான். என் வாயிலிருந்து வார்த்தை வருவது அன்று அவ்வளவு கடினமாக இருந்தது. பனைமட்டையையும் புதைந்த சிலேட்டையும் டீச்சரிடம் நான் சொன்ன பொய்யையும் சொல்லி முடித்தேன்.

அக்கா வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்போ, அந்தக் கணக்கு சரியாத்தான் இருந்திருக்குமோ?"

"சரியாத்தான்க்கா இருந்திருக்கும்."

"அது பின்னக் கணக்கு. அரையும் காலும் கூட்டுறது. எனக்கு நல்லா வரும் அது. எல்லாமே தப்பாப் போயிட்டு, அதான் மறுபடியும் அதையே தந்துட்டாவன்னு நெனச்சேன். நமக்குப் படிப்பு வராது போலன்னு அன்னைக்குத்தான் நெனச்சேன்." சற்று நிறுத்தி, "சரியாத்தான் இருந்திருக்கும்" என்று தனக்குள் இன்னொரு முறை சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் தேடிய ஒரு பொருள் வீட்டுக்குள்ளேயே கிடைத்ததுபோல் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவைப் பார்ப்பது எனக்குக் கோபத்தைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

அக்காவைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறவள் அவள்தான். காசோலை எழுதும் படித்த பெண்கள்கூட அவளிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்வார்கள். வேதப் புத்தகத்தைத் தடையின்றி வாசிப்பாள். தன் இரண்டு பெண்பிள்ளைகளையும், மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தபோதும், போர்டிங்கில் சேர்த்துப் படிக்கவைத்தாள். "எம்புள்ளைக கொப்பரை கிண்டக் கூடாது" என்பது அவள் அந்நாளில் சொன்ன ஒரே பதில். அந்தச் சிலேட்டு என்னவாயிற்று என்று கேட்டேன். "மூத்தவ அதுலதான் 'அ' எழுதினா. ரெண்டாமவ போட்டு ஒடச்சிட்டா" என்று சிரித்தாள். டீச்சர் எழுதிய பெயரை என்ன செய்தாள் என்றேன். பிள்ளை எழுதுவதற்காக அழித்துவிட்டாளாம். "எம்பேரு எனக்குத் தெரியுமே, தம்பி. பிள்ளைக்குல்லா இடம் வேணும்."

பிரியமானவர்களே, பள்ளி நாட்களை நினைக்கும்போது நம் மனம் இனிமையானவற்றையே எடுத்துவைத்துக்கொள்கிறது. அது இயல்பு, அதில் பாவமில்லை. வேப்பமரத்து மணியும், மஞ்சள் உப்புமாவும், மணலில் எழுதிய 'அ'வும் இன்றும் எனக்கு இனிக்கின்றன. ஆனால் என் இனிய நினைவின் அடியில், எனக்காக ஒருவர் காலி செய்த இடம் இருந்திருக்கிறது. அது அவளாக விரும்பிக் கொடுத்த இடம்கூட இல்லை; அவளிடமிருந்து எடுத்து எனக்குத் தரப்பட்டது. அந்த இடத்தில் அமர்ந்துகொண்டு, மேய்ப்பன் என்னைத்தான் தேடிவந்தார் என்று நான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த உவமையை நான் இனியும் பிரசங்கிப்பேன். ஆனால் தோளில் தூக்கி வரப்பட்ட ஆட்டைப் பற்றி மட்டும் பேசி முடிக்கமாட்டேன். தேரிக்குள் இன்னும் ஒன்று நின்றது என்றும், அதை மறக்காத ஒரு மேய்ப்பன் ஒவ்வொரு மாலையும் நான்கு கணக்குகளை எழுதி அனுப்பினார் என்றும் சொல்வேன்.

என் டீச்சரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இல்லை. அன்று வெறும் சிலேட்டைக் கண்டு என்னை அவர்கள் பார்த்த பார்வையை இப்போது நினைக்கிறேன். என் கால்சட்டையெல்லாம் செம்மண். அவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். தெரிந்தும், ஒரு சிறுவனை வகுப்புக்கு முன் பொய்யன் என்று நிறுத்த மனமில்லாமல், அதே கணக்குகளை மீண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரக்கம் அக்காவை எப்படிக் காயப்படுத்தியது என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. அதை அறிந்திருந்தவன் நான் ஒருவனே. நான் வாய் திறக்கவில்லை. பொய் சொன்னதைவிட, பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைத் திருத்தாமல் விட்டதே பெரிய குற்றமாக எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாரம் உங்களிடம் இரண்டு காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கு முதல் எழுத்தைக் கற்பித்தவர்கள் உயிரோடிருந்தால், தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். கூடுமானால் நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் உங்களைவிட, உங்களோடு படித்து இடையில் நின்றுபோன ஒரு பிள்ளையைப் பற்றி முதலில் விசாரித்தால் மனத்தாங்கல் கொள்ளாதீர்கள். இரண்டாவது, உங்கள் வீட்டில் நீங்கள் படிப்பதற்காகப் படிப்பை நிறுத்திய ஓர் அக்காவோ, அண்ணனோ, தங்கையோ இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து பழைய நாட்களைப் பேசுங்கள். நீங்கள் அறிந்திருக்கும் கதையை அவர்கள் வேறுவிதமாக அறிந்திருக்கக்கூடும்.

இதை எழுதுவதற்கு முன் அக்காவிடம் அனுமதி கேட்டேன். பெயரைப் போடட்டுமா என்றும் கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு? அக்கான்னு போடு, போதும்" என்றாள். தொலைபேசியை வைக்கப்போகும் நேரத்தில், "தம்பி, ஒண்ணு மட்டும் சேத்து எழுது" என்றாள். என்ன என்றேன்.

"கணக்கு சரியாத்தான் இருந்துச்சுன்னு எழுது."

எழுதிவிட்டேன், அக்கா.

கர்த்தர் உங்களையும் உங்களுக்குக் கற்பித்தவர்களையும் ஆசீர்வதிப்பாராக. அடுத்த வாரம் சந்திப்போம்.